லெஸ்டரில் ஒரு வேலூர்க் குடும்பம்

வேலூரில் எங்களை மார்க்கத்தோடு வளர்த்ததில் பாதிப் பங்கு தெருவுக்கு. பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகும் கோலி ஆடிக்கொண்டிருந்தால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரியவர், "ஏன்டா, உங்கத்தாகிட்ட சொல்லட்டுமா?" என்பார். தொப்பியைத் தேடி ஓடுவோம். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா இருக்கிற ஊர். மார்க்க அறிஞர்களான ஹஜ்ரத்மார்கள் எதிரே வராத நாளே கிடையாது. ஏன் தொழணும் என்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர்கள் விளக்கியதுமில்லை.

இங்கிலாந்தின் லெஸ்டரில் பாங்கு செல்போனில்தான் கேட்கிறது. பள்ளிவாசலுக்குப் பஞ்சமில்லை. 2021 கணக்கெடுப்பில் ஊரில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் முஸ்லிம். நிறையப் பேர் குஜராத்திகள். மாலை மதரஸாவில் பிள்ளைகள் நன்றாகவே ஓதுகிறார்கள். ஆனால் "ஏன்?" என்ற கேள்வி வீட்டுக்குத்தான் வருகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். 'கேள்வி கேட்காதே' என்று அதட்டினால் அந்த வயசோடு மார்க்கமும் போய்விடும் என்பது என் எண்ணம். அதனால் இரவு நானும் மனைவியும் குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பான தர்ஜுமாவைப் புரட்டுகிறோம். ஊரில் இருந்திருந்தால் இவ்வளவு படித்திருப்போமா, சந்தேகம்தான்.

பிறந்தநாள் விருந்துகளில் பை நிறைய மிட்டாய் கொடுப்பார்கள். மகள் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் விரலை ஓட்டி 'ஜெலட்டின்' எங்கே என்று தேடுவாள். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்புச் சமாச்சாரம். ஒருநாள் அவளும் அவள் தோழியான இந்து குஜராத்திப் பெண்ணும் சேர்ந்து தேடிப் பிடித்து, இரண்டு பாக்கெட்டையும் ஒரு போலந்துப் பையனிடம் கொடுத்துவிட்டார்கள். அவனுக்குக் கொண்டாட்டம்! தான் மட்டும்தான் 'வேண்டாம்' சொல்கிறவள் என்ற கூச்சம் மகளுக்கு அன்றோடு போனது. நான் பண்ணிய எந்த உபதேசமும் அதைச் செய்யவில்லை.

டிசம்பரில் பள்ளியில் இயேசு பிறப்பு நாடகம். மகனுக்கு ஆடு வேஷம். மதப் பாடத்திலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ள இங்கிலாந்தில் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வாணியம்பாடியிலிருந்து மைத்துனன், "எல்லாத்துலருந்தும் எடுத்துடுங்க மச்சான்" என்றான். நான் எடுக்கவில்லை. ஈஸா நபி, அதாவது இயேசு, அல்லாஹ்வின் தூதர், மகன் அல்லர் என்பது நம் நம்பிக்கை. அவருடைய தாய் மர்யம் பெயரிலேயே குர்ஆனில் 19ஆவது சூரா இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் ஒரே கோட்டை மதிலுக்குள் நிற்கும் ஊர்க்காரன் நான். பக்கத்தில் இன்னொரு மதம் இருப்பது எனக்குப் புதுசில்லை. ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டியதுதான் பெரிய வேலை.

தொழுகை நேரம்தான் இன்னும் தலைவலி. குளிர்காலத்தில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை. பள்ளி விட்டு வீடு வருவதற்குள் அஸர் கை நழுவுகிறது. மகளின் ஆசிரியை மதிய இடைவேளையில் ஒரு காலி வகுப்பறையைத் திறந்துவிடுகிறார். மதியத் தொழுகையான லுஹர் அங்கேயே முடிகிறது. அஸருக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைய பஞ்சாயத்து ஈத் பெருநாள். ஒரு பள்ளிவாசல் சவூதிப் பிறையைப் பார்க்கிறது, இன்னொன்று வேறு கணக்கு. எந்த நாளுக்கு லீவு என்று பள்ளிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். "வியாழன் அல்லது வெள்ளி" என்று எழுதினேன். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று படிவம் திரும்பி வந்துவிட்டது.