ரிச்மண்ட் நாடகக் கொட்டகையும் அதைக் காப்பாற்றிய மண்டியும்

ரிச்மண்ட் என்றதும் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்மண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷரில், ஸ்வேல் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். மூத்தது இதுதான். ஏழாம் ஹென்றி அரசனாவதற்கு முன் இந்த ரிச்மண்டின் பிரபுப் பட்டம் அவரிடம் இருந்தது. லண்டன் பக்கத்தில் அரண்மனை கட்டியபோது அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

டார்லிங்டன் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ரிச்மண்டுக்கு ஒரு காலத்தில் நேரடி ரயிலே இருந்தது, 1969-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷன் கட்டடத்தை இடிக்கவில்லை. இப்போது அதற்குள் சினிமா ஓடுகிறது, காபிக் கடை இருக்கிறது. ஊருக்குள் இறங்கியதும் எல்லாரும் கோட்டைப் பக்கம் நடையைக் கட்டுகிறார்கள். 1071 வாக்கில் தொடங்கிய நார்மன் கோட்டை, பார்க்க வேண்டியதுதான். ஆற்றைப் பார்த்த காட்சி அருமை, அதற்கு மேல் கோட்டையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் போனது ‘ஜார்ஜியன் தியேட்டர் ராயல்’ என்ற நாடகக் கொட்டகைக்கு. கட்டிய ஆண்டு 1788.

கல் பாவிய சந்தைத் திடலிலிருந்து பழைய மதில் வாசலைத் தாண்டி ஒரு குறுகிய சந்து போகிறது. அது முடிகிற முனையில் கொட்டகை. பெயர்ப் பலகை இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். வெறும் கல் சுவர், ஓட்டுக் கூரை, அலங்காரம் என்று எதுவும் கிடையாது. தானியக் கிடங்கு மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். பின்னால் அது தானியக் கிடங்காகவே இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது.

கட்டியவர் சாமுவேல் பட்லர். நடிகர், நாடகக் கம்பெனி முதலாளி, இரண்டும் அவரே. முன்னால் கம்பெனி நடத்தியவர் இறந்தபின், அவருடைய மனைவி டிரைஃபோசாவை மணந்துகொண்டார்; கம்பெனியும் கைக்கு வந்தது. அந்த அம்மாளுக்கு இவரைவிட வயது நிறையக் கூடுதல். காதலா கணக்கா என்பதை அவர்களுக்கே விட்டுவிடலாம். பெவர்லி, கெண்டல், விட்பி, ரிப்பன், ஹாரோகேட், நார்த்தலர்ட்டன், அல்வர்ஸ்டன் என்று ஊர் ஊராகச் சுற்றிய கம்பெனி அது. எந்த ஊரில் எப்போது குதிரைப் பந்தயமோ திருவிழாவோ நடக்கிறதோ, அப்போது அங்கே போய் இறங்குவார்கள். பணம் புழங்குகிற நாளில்தானே டிக்கெட் விற்கும்? ரிச்மண்ட் கொட்டகை திறந்ததும் 1788 செப்டம்பர் 2-இல், பந்தயக் காலத்தில்தான்.

அந்த ஆண்டில் கட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1737-இல் வந்த ஒரு சட்டத்தால், அரச உரிமம் பெற்ற சில அரங்குகளைத் தவிர வேறெங்கும் காசு வாங்கிக்கொண்டு நாடகம் போடுவது குற்றம். ஆனாலும் நாடகம் நடந்துகொண்டுதான் இருந்தது. எப்படி? ‘இன்று சங்கீதக் கச்சேரி, கட்டணம் இவ்வளவு, இடைவேளையில் ஒரு நாடகம், இலவசம்’ என்று நோட்டீஸ் அடிப்பார்கள். நீதிபதிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். 1788-இல்தான் லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களில் 60 நாள் வரை நாடகம் போட உள்ளூர் நீதிபதிகளே அனுமதி தரலாம் என்று சட்டம் மாறியது. பட்லர் சும்மா இருப்பாரா? நகராட்சியிடம் குத்தகைக்கு இடம் வாங்கிக் கட்டிவிட்டார்.

உள்ளே சுற்றிக் காட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழுவுக்கு வந்தவர் வயதான ஓர் அம்மா. முதலில் நிறுத்தியது டிக்கெட் கொடுக்கும் கூண்டின் முன்னால். ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அளவுதான். அந்தக் காலத்தில் பாக்ஸ் (தடுப்பு வைத்த தனி இருக்கைகள்) 3 ஷில்லிங், பிட் (மேடைக்கு முன்னால் தரைப் பகுதி) 2, கேலரி (மேல் தளம்) 1. பிரபுவும் பண்ணையாளும் இதே வாசலில் நுழைந்து இதே கூண்டில் காசு கொடுத்துவிட்டுத்தான் தனித்தனி வழியில் பிரிவார்களாம்.

அரங்குக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது ரொம்பச் சின்னது என்பதுதான். நடுவில் பள்ளமாகப் பிட், அதில் முதுகு சாய இடமில்லாத பெஞ்சுகள். மூன்று பக்கமும் பாக்ஸ்கள். அவற்றுக்கு மேலே கேலரி. மேடை இன்னும் கிட்ட. பாக்ஸில் உட்கார்ந்தால் நடிகர் முகத்தில் வேர்ப்பதுகூடத் தெரியும். நானூறு பேருக்கு மேல் இதற்குள் திணித்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சம், ஜன்னல் கிடையாது, அத்தனை பேர் மூச்சு. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று யாரோ கேட்டார்கள். அந்த அம்மா, “கற்பனை செய்யாமல் இருப்பதே நல்லது” என்றார்.

பாக்ஸ்களின் நெற்றியில் நாடக ஆசிரியர்களின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். நட்ட நடுப் பாக்ஸ் ஷேக்ஸ்பியருக்கு. கோல்ட்ஸ்மித், டிரைடன் எல்லாம் பக்கவாட்டில். மேடையின் இரு பக்கமும் நிஜக் கதவுகள், நடிகர்கள் வந்துபோக. மேடைப் பலகையில் திறந்து மூடும் வழிகள், பேய் எழும்பவும் ஆள் மறையவும். கீழே உடை மாற்றும் அறைகள், குளிருக்குக் கணப்பு அடுப்போடு.

நாடகம் நடக்கும்போது அந்தக் காலத்தில் பார்வையாளர் பக்கத்து விளக்குகளை அணைக்க மாட்டார்கள். யார் யாரோடு வந்திருக்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதும் மூன்று ஷில்லிங்கில் சேர்த்திதான்.

கேலரிக்கு ஏறினோம். அங்கே முன்வரிசை பெஞ்சுக்கு எதிரே கால் மட்டத்தில் ஒரு பலகை ஓடுகிறது. நம் ஊர்த் தரை டிக்கெட் விசிலுக்கு அண்ணன் என்று சொல்லலாம்: பிடிக்காத காட்சி வந்தால் கேலரிக்காரர்கள் பூட்ஸ் காலால் அந்தப் பலகையை உதைப்பார்கள். “உதைத்துப் பாருங்கள்” என்றார் அந்த அம்மா. நான் தயங்கித் தயங்கி ஒரு தட்டு தட்டினேன். என்னோடு வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் விட்டான் பாருங்கள் ஓர் உதை! கொட்டகை முழுக்க அதிர்ந்தது. ஐம்பது பேர் சேர்ந்து உதைத்தால் மேடையில் நிற்பவனுக்கு வசனமே மறந்துவிடும்.

பட்லர் 1812-இல் இறந்தார், வயது 62. பெவர்லியில் தேவாலயத்தில் அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ‘மேக்பெத்’தில் மேடையில் சிறிது நேரம் ஆடிவிட்டுக் காணாமல் போகும் எளிய நடிகனைப் பற்றிய வரிகளை அதில் வெட்டியிருக்கிறார்கள். குத்தகை 1830-இல் முடிந்தது. அப்புறம் நாடகம் குறைந்துகொண்டே போய், 1848-இல் கொட்டகை மூடப்பட்டது. பிட்டுக்கு மேலே பலகை அடித்துத் தளம் போட்டார்கள். கீழே ஒயின் கிடங்கு, மேலே ஏலக் கடை. பிறகு தானிய மண்டி, மேஜை நாற்காலி போட்டுவைக்கும் இடம். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் சேர்க்கும் டெப்போ.

சுற்றுலாக் கையேடுகள் இந்த நூறு ஆண்டுகளை ‘இருண்ட காலம்’ என்கிற தொனியில் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக ஓடிய கொட்டகைகள் என்ன ஆயின? லண்டன் கவென்ட் கார்டன் 1808-இல் எரிந்தது, திரும்பக் கட்டியதும் 1856-இல் எரிந்தது. டுரூரி லேன் 1809-இல். எரியாதவற்றை, கூட்டம் பெருகப் பெருக இடித்துப் பெரிதாக்கினார்கள். பிரிஸ்டலில் 1766-இல் கட்டிய அரங்கு இதைவிடப் பழையது, இன்றும் நடக்கிறது. ஆனால் எத்தனை முறை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்! ரிச்மண்டில் மட்டும் மூட்டை அடுக்குகிறவர்களுக்குக் கேலரியை அகலப்படுத்த வேண்டிய தேவையே வரவில்லை. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மண்டிக்காரர்களுக்கு ஒரு பாக்ஸில் பெயர் எழுதியிருக்கலாம் என்பது என் கட்சி.

1943-இல், ஊர் உரிமைப் பட்டயம் பெற்ற 850-ஆவது ஆண்டு விழாவுக்காக ஓரளவு சுத்தம் செய்து நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள். 1960-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. லேடி கிராத்தோர்ன் முன்னின்று பணம் திரட்ட, 1963-இல் கொட்டகை மறுபடி திறந்தது. 2003-இல் இன்னொரு பெரிய புதுப்பிப்பு.

ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரைந்த ஒரு சீன் செட் இங்கே இருக்கிறது: காட்டுக் காட்சி, பின்படுதாவும் பக்கத் தட்டிகளுமாக. பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய சீன் இதுதான் என்கிறார்கள். தட்டிகளைத் திருப்பினால் பின்பக்கம் நீல வரவேற்பறை. கிட்டப் போய்ப் பார்த்தால் மரமே இல்லை, பச்சையும் பழுப்புமாகத் தூரிகை இழுப்புகள். பத்தடி பின்னால் வாருங்கள், இலை அசைகிற மாதிரி இருக்கும்.

சுற்றிப் பார்க்கும் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், போகுமுன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாடகம் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் இரட்டை லாபம். பழைய கூட்டத்தில் பாதிப் பேரைத்தான் இப்போது விடுகிறார்கள், அதனால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உயரமானவர்கள் கேலரி வேண்டாம், முட்டி இடிக்கும். மற்றவர்களுக்குக் கேலரியின் முன்வரிசைதான் என் சிபாரிசு. நாடகம் எப்படி இருந்தாலும் காலுக்கு எதிரே பலகை இருக்கிறது.