முருகனுக்குப் பின்னால் இருந்த அளவு

பிக்கப் வண்டியின் பின் டயர்கள் இரண்டும் பட்டன் தேய்ந்து உள்ளங்கையைப் போல வழவழப்பாகிவிட்டன. முருங்கைக்காய் ஏற்றும் வண்டி, மழைக்காலம் வேறு. ஒட்டன்சத்திரம் சந்தையில் சரக்கை இறக்கிய கையோடு டயர் கடையில் நிறுத்தினேன்.

"அளவு என்ன அண்ணே?" என்றார் கடைக்காரர்.

பெண் பார்க்கப் போய்விட்டு, பெண் வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் நிற்பவனைப் போல விழித்தேன். கடைப் பையன் குனிந்து சேற்றைச் சுரண்டினான். முன் டயரில் 215/75 ஆர்15. பின் டயரில் 235/75 ஆர்15. மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கியது. விற்றவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நிற்பதை நான் இத்தனை நாளும் கம்பீரம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

இதில் எது வண்டியோடு வந்த அளவு? "பெரியதைப் போடுங்கள், பாரம் தாங்கும்" என்றார் டீக்கடைக்காரர். "சிறியது போட்டால்தான் மேட்டில் இழுக்கும்" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். "225 போட்டுப் பஞ்சாயத்தை முடியுங்கள்" என்றார் மூன்றாமவர். அவருக்கு வண்டியே கிடையாது.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு, பக்கச் சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று கணக்கு. இதை எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று பேராகத்தான் இருக்க வேண்டும்.

"ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் பாருங்கள். கம்பெனி ஸ்டிக்கர் இருக்கும்."

திறந்தேன். தூணில் ராஜ அலங்காரத்தில் பழநி முருகன் நின்றார். ஆயுத பூஜையன்று நானே ஒட்டியது. கம்பெனி ஸ்டிக்கர் அவருக்குப் பின்னால்.

அம்மாவிடம் சொல்லாமல் கை வைக்க மனம் வரவில்லை. போன் போட்டேன். "வேல் கிழியாமல் எடு" என்று மட்டும் சொன்னார். டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. துணியை நனைத்து ஒற்றி ஒற்றிப் பத்து நிமிடம். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் காற்றின் அளவு தெரிந்தது. பிறகு மயில் தோகை மெல்ல விலகியது. 215/75 ஆர்15.

அத்தோடு விட்டிருக்கலாம். கடைக்காரர் போனில் கணக்குப் போட்டார். சிறிய டயரின் உயரம் சுமார் 703 மில்லிமீட்டர், பெரியது 733. வண்டி பின்சக்கரத்தால் ஓடுவது. மீட்டர் அந்தச் சுற்றை வைத்தே தூரத்தைக் கணக்கிடும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதலாக உருளும். அது மீட்டருக்குத் தெரியாது. நானோ கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குபவன். மூன்று ஆண்டுகளாக, மீட்டரில் நூறு ஓடும்போதெல்லாம் நான்கு கிலோமீட்டர் வியாபாரிக்குத் தர்மம்!

அடுத்த வாரம் வழக்கமான பாலக்காட்டு நடை. எப்போதும் போய்வர 288 காட்டும் மீட்டர் இம்முறை 300 காட்டியது. வியாபாரி மீட்டரைப் பார்த்தார், புது டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டயரை மட்டும்தானே மாற்றினீர்கள்?"

டாஷ்போர்டுக்குக் குடிமாறியிருந்த முருகனைக் காட்டி, மயில் தோகையிலிருந்து கதையை ஆரம்பித்தேன்.