நாளைக்கு வந்தர்றனுங்க

பொள்ளாச்சிப் பக்கம் அப்பச்சி விட்டுப்போன கட்டுத்தறி, அதாவது மாட்டுக் கொட்டகை, ஒன்று சும்மா கிடந்தது. மாடுகளை விற்று ஆறு வருஷம் ஆயிற்று. அதை ஓர் அறையாக மாற்றிவிட்டால் ஊருக்குப் போகும்போது தங்கிக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தேன். “ரெண்டு மாசத்துல முடிச்சரலாமுங்க” என்றார் மேஸ்திரி. எந்த ரெண்டு மாசம் என்று நான் கேட்கவில்லை.

சொன்ன நாளில் வந்தது எம் சாண்ட் லாரி மட்டும்தான். அதுவும் விடிகாலை நாலரைக்கு. நான் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடுவதற்குள் ரெண்டு யூனிட்டையும், அதாவது 200 கன அடியையும், கேட்டுக்கு நேர் எதிரே கொட்டிவிட்டுப் போய்விட்டார் டிரைவர். கார் உள்ளே, நான் வெளியே. சிமென்ட் சொல்ல பஸ்ஸில் போனேன்.

முதலில் வந்த இளவட்டக் கொத்தனார் நாலே நாளில் சிமென்ட் பூச்சை முடித்துக்கொடுத்தார். கண்ணாடி மாதிரி சுவர். மூன்றே வாரத்தில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைத்தால் போகும், மறுநாள் வரும். ஊரில் விசாரித்து ஒரு வயசான கொத்தனாரைக் கூட்டிவந்தேன். சுவரை விரலால் வழித்து என்னிடம் நீட்டினார். “நாக்குல வெச்சுப் பாரு கண்ணு.” வைத்தேன். கரித்தது.

“முப்பது வருஷத்து மாட்டு மூத்திரம். அந்த உப்பு செவுத்துக்குள்ள ஊறிக் கெடக்குது. சிமென்ட்டப் போட்டு மூடுனா ஈரம் போறதுக்கு வழியில்ல, பூச்சையே பேத்துத் தள்ளும். சுண்ணாம்புன்னா மூச்சு விடும்” என்றார். விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விரலை நீட்டியிருக்கலாம்.

சரி, பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைத் தேய்த்துக் காயப்போட்டு, சுண்ணாம்புக்கு மாறினோம். அதற்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் பத்து கிலோ கடுக்காய் கேட்டேன். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்து, “எத்தன நாளா இருக்குதுங்க?” என்றார். டிரம்மில் அது புளித்து நுரைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், பக்கத்துத் தோட்டத்து மாமா வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். “மாப்ள, ஊறல் போட்டிருக்கீங்களாமா?”

கூரை மங்களூர் ஓடு. அறுபது ஓடு உடைந்திருந்தது. இறக்கியதில் ஒன்றின் அடியில் ‘பாசல் மிஷன்’ என்றும் 1865 என்றும் அச்சு. குடும்ப வாட்ஸப்பில் படம் போட்டு, நம் கட்டுத்தறிக்கு நூற்றைம்பது வயசுக்கு மேல் என்று அறிவித்தேன். பெரியம்மா கண்ணீர் விடும் பொம்மை அனுப்பினார். ஆசாரிதான் கெடுத்தார். “அது மங்களூர்ல கம்பெனி ஆரம்பிச்ச வருசமுங்க. எப்பச் செஞ்ச ஓட்டுலயும் அதேதான் அடிச்சிருப்பாங்க.”

அதைவிடப் பெரிய சங்கதி, ஒரு கம்பெனி ஓட்டின் காடி இன்னொரு கம்பெனி ஓட்டில் உட்காராது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மேலே வைத்தால் தூக்கிக்கொள்ளும். மாதிரிக்கு ஒரு ஓட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பழைய சாமான் கடை ஒவ்வொன்றிலும் பொருத்தம் பார்த்தேன். நாலாவது இடத்தில் அமைந்தது. அந்த இடத்துக்காரருக்கும் அது தெரிந்துவிட்டதால் விலை ஏறிவிட்டது.

எலெக்ட்ரீஷியன் கதை தனி. முதலில் பைப் பதிக்க வாருங்கள் என்றால், ஆசாரி நிலவு, அதாவது கதவு நிலை, வைக்கட்டும் என்றார். ஆசாரியோ மேஸ்திரி மட்டம் பார்த்துக் கொடுக்கட்டும் என்றார். மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன் வந்துட்டாரா என்றார். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்வது சனிக்கிழமை சாயங்காலம், சம்பளத்துக்கு. கடைசியில் நிலவு வைத்து, பூச்சும் முடிந்து, பெரியவர் கை கழுவிய மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து நின்றார். “பைப் போடாமப் பூசிட்டீங்களே!” கட்டர் வைத்துப் புதுச் சுவரை மேலிருந்து கீழே கிழித்தார். பெரியவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இது ஒன்பதாவது மாசம். அறை ரெடி, குளுகுளுவென்று இருக்கிறது, சுவர் பூக்கவில்லை. ஃபேன் மட்டும் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. போன வாரம் எலெக்ட்ரீஷியன் தானாகவே வந்தார், கூப்பிடாமலே. ஏணி இல்லை. ஏணி மேஸ்திரியிடம் இருக்கிறது. போன் போட்டேன்.

“நாளைக்குக் கொண்டுவந்தர்றனுங்க.”