அடைப்புக்குறிக்குள் ஓடியவள்

தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்க நன்றித் திருநாள் விருந்தில் என் தங்கை மகள் வடையைத் தொடவே இல்லை. ரசம் சாதம், ஒரு வாழைப்பழம், ஒன்பது மணிக்குப் படுக்கை. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, பிரெஸ்னோவில் கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளின் மாநில கிராஸ் கன்ட்ரி, அதாவது மேடு பள்ளத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தின் இறுதிப் போட்டி. பத்தாம் வகுப்புப் பெண். பள்ளி அணியில் அவள் ஆறாவது ஆள். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வடை சுட்டவளுக்கு வருத்தம் இருக்காதா?

வெள்ளிக்கிழமை அவள் அணியோடு பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் சான் ஹோசேயிலிருந்து காரில் பின்னால் போனோம். கில்ராய் பூண்டுக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டி 152ஆம் எண் சாலையில் பச்சேக்கோ கணவாய் ஏறினால், வலப்பக்கம் சான் லூயிஸ் நீர்த்தேக்கம் கடல்போல விரிகிறது. சுற்றிலும் காய்ந்த புல் மூடிய மொட்டைக் குன்றுகள். இறங்கியதும் தரை தட்டையாகிவிடுகிறது. பிறகு பாதாம் தோப்புகள்தாம், மைல் கணக்கில், நூல் பிடித்து நட்ட வரிசைகளாக. பிரெஸ்னோவை நெருங்கும்போது இலை பழுத்த திராட்சைக் கொடிகள். நம் பாயசத்தில் போடும் உலர் திராட்சைக்கு இந்த வட்டாரம் பெரிய பெயர் பெற்றது.

விடியற்காலையில் விடுதிக் கதவைத் திறந்தால் எதிரே நிறுத்தியிருந்த காரைக் காணவில்லை. டூலி மூடுபனி என்கிறார்கள். இப்பள்ளத்தாக்கின் சதுப்புகளில் வளரும் கோரையின் பெயர் அது. மழை பெய்து ஈரம் ஊறிய தரையில், காற்றில்லாத குளிர் இரவில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். 2007 நவம்பரில் பிரெஸ்னோ அருகே 99ஆம் எண் நெடுஞ்சாலையில் இப்படியொரு பனியில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டனவாம். தங்கையின் கணவர் இதை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார். சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லை அவருக்கு.

வுட்வர்ட் பார்க் சான் வாகீன் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1987இலிருந்து மாநிலப் போட்டி இங்கேதான். பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையை வைத்து ஐந்து பிரிவாக்கி, ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து என்று பத்து ஓட்டங்கள், ஒவ்வொன்றும் ஐந்து கிலோமீட்டர். ஸ்டேடியம் கிடையாது. புல், மண்பாதை, மேடு, பள்ளம், மரங்கள். பார்க்க வந்தவர்களும் ஓட வேண்டும். ஒரு வளைவில் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் குறுக்கே பாய்ந்து அடுத்த வளைவுக்குப் போனால்தான் மறுபடி பார்க்கலாம். முழங்கால் வலிக்காரியான நான் ஒரே மேட்டில் நின்றுவிட்டேன். பக்கத்தில் பெற்றோர்கள் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜமான மாட்டுமணி! நம் ஊரில் மாட்டுப் பொங்கலன்று கேட்கும் சத்தம், இங்கே மாடு மட்டும் இல்லை.

அதற்கு முன், அணியின் கூடாரத்தில், நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள். நான்கு ஊக்குகள். மூன்றைக் குத்திவிட்டாள், நான்காவதுக்குக் கை நடுங்கியது. "பெரியம்மா, நீங்கள் குத்துங்கள்" என்றாள். பனியனுக்குள் விரலை விட்டுத் தோலில் படாமல் குத்தினேன். ஏழு பெண்களுக்கும் ஒரே மாதிரி இரட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். ஜூன் மாதத்திலிருந்து சேர்ந்தே ஓடுகிறவர்கள். காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்களில் மட்டும் வெளியே விடவில்லையாம்.

துப்பாக்கி வெடித்தது. இருநூறு பெண்கள் ஒரே கோட்டிலிருந்து கிளம்பும்போது காதில் விழுவது காலடி ஓசை இல்லை, மழை. என் மேட்டை அவள் இரண்டு முறை கடந்தாள். இரண்டாம் முறை முகம் சுண்ணாம்பாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கத்தினேன், திரும்பவில்லை. இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டாள். முடிவுக் கோட்டைத் தாண்டியவர்கள் புல்லில் அப்படியே சரிந்தார்கள். ஒரு பெண் வாந்தி எடுக்க, வேறு பள்ளிப் பெண் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தாள் வந்தது. அணியாக வராமல் தனியாக ஓடியவர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களுக்கு இடம் போடுகிறார்கள். எங்கள் அணி: 24, 39, 52, 58, 66. கூட்டினால் 239, எட்டாவது இடம். குறைந்த கூட்டுத்தொகைக்குத்தான் வெற்றி. அதன் பக்கத்தில் (71), (95). அந்த 71தான் எங்கள் பெண்.

"ஓடியவளை எதற்கு அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

ஏழு பேர் ஓடினாலும் முதல் ஐவர்தான் கணக்கில் சேர்வார்களாம். ஆறாவது, ஏழாவது ஆட்களுக்கு இரண்டு வேலை. தொகை சமமானால் ஆறாவது ஆளின் இடத்தைப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமானது, எதிரணியின் ஐவரில் ஒருத்திக்கு முன்னால் வந்துவிட்டால் அவளுடைய இடம் ஒன்று கீழே இறங்கும், அந்த அணியின் தொகை ஒன்று ஏறும். தான் எண்ணப்படாமல் அடுத்தவர் கணக்கைக் கெடுப்பது. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவளுக்கு இது உடனே புரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் அவள் பின்சீட்டில் ஆணி ஷூவைக் கழற்றிவிட்டுச் சேற்றுக் காலோடு உட்கார்ந்து, தாளைத் தொடைமேல் விரித்துக்கொண்டாள். ஒன்பதாவது வந்த அணிக்கு 240.

"அவர்களின் ஐந்தாவது பெண் 80, பெரியம்மா. நான் வராமல் போயிருந்தால் அவளுக்கு 79."

"அப்படியென்றால் 239. நமக்கும் 239."

"ஆறாவது ஆளைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு 84. எங்களுக்கு நான் இல்லை என்றால்..."

95 இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அது ஓர் இடம் மேலே நகர்ந்து 94 ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

எட்டாவது இடத்துக்கு யாரும் கோப்பை தருவதில்லை. ஒன்பதாவதுக்கும் இல்லை. சௌச்சிலா வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் பருவ முடிவுச் செய்தியை அனுப்பினார்: பெண்கள் மாநிலத்தில் எட்டாவது, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் மூவர் விடைபெறுகிறார்கள், பயிற்சி மறுபடி ஜூனில். 71 பற்றி ஒரு வரியும் இல்லை. தங்கை வீட்டுப் பிரிட்ஜ் கதவில் அந்த முடிவுத் தாள் காந்தத்தால் ஒட்டியிருந்தது. நான் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் பால் எடுக்கப் போனபோது கவனித்தேன்: 71க்கு இரண்டு பக்கமும் இருந்த அடைப்புக்குறிகளை யாரோ நீல மையால் தடித்து எழுதியிருந்தார்கள்.