கடலோர வீட்டுக்குக் கீல் மாற்றிய அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கு அருகே, அலையோசை கேட்கும் தூரத்தில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டின் கதவுகளுக்கு அண்மையில் கீல் மாற்றி முடித்தோம். பார்வைக்குச் சிறிய வேலைதான். ஆனால் உப்புக்காற்றும், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் ஒருங்கே வாய்த்த இந்த மாவட்டத்தில், உள்நாட்டு ஊர்களுக்குப் பொருந்தும் கணக்குகள் பல நேரங்களில் பொருந்துவதில்லை என்பதால், எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்பதை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

வீடு ஒரே காலத்தில் கட்டப்பட்டதன்று. நடுவே இருக்கும் பழைய ஓட்டுக்கட்டில் உள்ள கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவுப் பலகையின் ஒரு விளிம்பில் மேலும் கீழும் நீட்டி விடப்பட்ட மரக் குடுமிகள், நிலையின் மேற்சட்டத்திலும் கீழ்ப்படியிலும் குடையப்பட்ட குழிகளுக்குள் நின்று சுழலும். பிற்பாடு சேர்த்த அறைகளின் கதவுகளில் இரும்புப் பட்டைக் கீல்களும், கடைசியாகச் செய்த சமையலறை அலமாரிகளில் வெளியே தெரியாத கிண்ணக் கீல்களும் இருந்தன. இவற்றில் மிகக் குறைவாகத் தொல்லை கொடுத்தது, எல்லாவற்றிலும் மூத்த குடுமிக் கதவுதான். அயினி மரத்தாலான அந்தக் கதவின் அச்சில் இரும்பே இல்லை. எனவே துருவுக்கு அங்கே இடமும் இல்லை. கீழ்க்குடுமி தேய்ந்து கதவு தாழ்ந்திருந்ததை, குழிக்குள் ஒரு சிறு பித்தளைத் தகட்டை வைத்து ஆசாரி உயர்த்திக் கொடுத்தார். அதற்குக் கீல் போட்டு நவீனமாக்கலாம் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது, நான் உடன்படவில்லை. குடுமியை அறுத்துவிட்டால் அந்தக் கதவை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது.

சாமான் பட்டியல் எழுதும்போது சொற்களையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி என்பதால், இங்குள்ள மூத்த ஆசாரிமாரின் வாயில் கீலுக்கு ‘விஜாகிரி’ என்ற பெயர்தான் வரும். போர்ச்சுகீசியரின் ‘பிஸாக்ரா’ மலையாளம் வழியாக அப்படித் திரிந்தது. சாவியும் சன்னலும் அதே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்தவைதான். நாகர்கோவில் கடைகளில் கீல் என்றாலும் புரியும், ஹிஞ்ச் என்றாலும் புரியும். ஆனால் வெறுமனே கீல் என்று கேட்டால் எதைக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வகை, நீளம், தகட்டின் கனம், உலோகம் ஆகிய நான்கையும் சொல்லியாக வேண்டும்.

வாங்குவதற்கு முன், ஒவ்வொரு கதவுக்கும் என்ன கோளாறு என்று பார்த்தோம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீலின் பட்டையும் சேர்ந்து அசைந்தால் திருகாணிகள் மரத்தில் பிடிமானம் இழந்துவிட்டன என்று பொருள். பட்டை அசையாமல் கதவு மட்டும் ஏறி இறங்கினால் தேய்ந்திருப்பது நடுவிலுள்ள பின். கூடத்துக் கதவைத் தூக்கிப் பார்த்த ஆசாரி, “பட்டைக்கு ஒண்ணும் இல்ல மக்களே, உள்ள கெடக்க பின்னுதான் தேஞ்சு போச்சு” என்றார். கதவின் கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை தரையில் உரசினால், பெரும்பாலும் குற்றவாளி மேல் கீல்தான். கதவின் எடை மேல் கீலை நிலையிலிருந்து வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை நிலையோடு சேர்த்து அழுத்துகிறது. மழைக்காலத்தில் மட்டும் உரசும் கதவு வேறு கதை. அது ஈரத்தில் மரம் உப்புவதால் வருவது. அதற்காகக் கீலை மாற்றுவதும், ஆடி மாதத்தில் விளிம்பை இழைத்துத் தள்ளுவதும் வீண். கோடையில் கதவு சுருங்கியதும் சந்து விழுந்துவிடும்.

உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் சென்றது. வண்ணம் பூசிய இரும்புக் கீலில், பின்னைச் சுற்றியிருக்கும் குழல் போன்ற கணுக்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பூச்சு முதலில் போய்விடும். அங்கே தங்கும் உப்பு ஈரம் பின்னைத் தின்னத் தொடங்கும். பித்தளை துருப்பிடிக்காது, பழைய வீட்டுக்கு அழகும்கூட. ஆனால் பித்தளைக் கீலை இரும்புத் திருகாணியால் பூட்டினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு மின்கலம்போல் இயங்கி, இரும்பு வழக்கத்தைவிட விரைவாக அரிக்கப்படும். எங்கள் வீட்டுச் சன்னல்களில் பளபளப்பான பித்தளைக் கீல்கள் தலையறுந்த திருகாணிகளில் தொங்கியதற்கு அதுதான் காரணம். கீல் எந்த உலோகமோ திருகாணியும் அதே உலோகமாக இருக்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகிலும் தரங்கள் உண்டு. 304 என்பதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 316இல் அவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால் அது உப்பினால் விழும் புள்ளி அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்த மலிவுத் தரம். கடற்காற்றில் விரைவிலேயே பழுப்புக் கறை படியும். ஒரு கடையில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை, ஆகவே 304 என்று சாதித்தார்கள். காந்தம் 202இலும் பொதுவாக ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. வேறொரு கடையில், மாங்கனீஸ் மிகுந்திருந்தால் சிவக்கும் சோதனைத் துளியை விட்டுக் காட்டியபின் வாங்கினோம். கடலைப் பார்த்த கதவுகளுக்கு 316உம், உட்புறக் கதவுகளுக்கு 304உம் என்று முடிவு செய்தோம்.

வகைகளில் பெரிய குழப்பம் இருக்கவில்லை. அறைக் கதவுகளுக்கு நான்கு அங்குலப் பட்டைக் கீல், கதவுக்கு மூன்று வீதம். சன்னல்களுக்கு மட்டும் பார்லிமென்ட் கீல் எனப்படும் எச் வடிவக் கீலைத் தேர்ந்தோம். அதன் அச்சு சுவரிலிருந்து தள்ளி நிற்பதால், கதவு முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டிப் படியும், காற்றடிக்கும் நாளில் கொக்கி போட்டு நிறுத்தவும் வசதி. கொல்லைப்புறக் கனத்த கதவுக்கு நீண்ட வால் கொண்ட டி வடிவக் கீல்.

பூட்டும் வேலையை அருகிருந்து பார்த்தது எனக்குப் பிடித்த பகுதி. பழைய திருகாணித் துளைகள் அகன்றுபோயிருந்தன. அவற்றில் தீக்குச்சி செருகுவது வழக்கம். ஆசாரி அதைச் செய்யவில்லை. துளையைத் துளைக்கருவியால் சீராக்கி, தேக்கில் சீவிய முளையை ஃபெவிகால் தடவி அடித்து, மறுநாள் காய்ந்தபின் விளிம்போடு செதுக்கி, அதன் நடுவில் புதிய சிறு துளை இட்டார். பித்தளைத் திருகாணி போடும் இடங்களில், அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றி மரத்தில் புரி வெட்டிக்கொண்டு, பிறகு பித்தளையில் சோப்பைத் தேய்த்து ஏற்றினார். நேரடியாக முறுக்கினால் அயினி மரத்தில் பித்தளை பாதியில் முறிந்துவிடுமாம்.

ஓர் அறைக் கதவு மூடும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் எதிர்த்துத் திரும்பி வந்தது. கீல் பட்டை அமர்வதற்காக மரத்தில் வெட்டும் பள்ளமான காடி ஆழமாகிவிட்டதால் பட்டை நிலைக்குள் அமிழ்ந்து, கதவு நிலையை முட்டிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகையை அளவாகக் கத்தரித்துப் பட்டைக்குப் பின்னால் வைத்து முடுக்கியதும் கதவு விரலால் தள்ளினாலே மூடியது.

அலமாரிக் கீல்களை நானே மாற்றினேன். கிண்ணத்தின் விட்டம் 35 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. கவனிக்க வேண்டியது, கிராங்க் எனப்படும் கீலின் கை வளைவைத்தான். கதவு பக்கப் பலகையை முழுவதும் மூடினால் 0 கிராங்க், பாதி மூடினால் 8, பெட்டிக்குள்ளேயே அடங்கினால் 16 என்று கடையில் கேட்க வேண்டும். பூட்டியபின் அதிலுள்ள திருகுகளைக் கொண்டு பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்திச் சீராக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சிறு வாக்குவாதம் உண்டு. கிரீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். சத்தம் உடனே நிற்கும், ஆனால் நாளடைவில் அது தூசியோடு சேர்ந்து கரிய பிசினாகி அச்சையே இறுக்கிவிடும். தையல் இயந்திர எண்ணெயில் இரண்டு சொட்டுப் போதும்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் ஒன்றைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொங்கிப்போன கதவுகளுக்கு ஏற்பத்தான் தாழ்ப்பாள்களும் காலப்போக்கில் இடம் மாற்றப்பட்டிருக்கும். கதவு தன் பழைய உயரத்துக்கு ஏறியதும் எங்கள் வீட்டில் பெரும்பாலான தாழ்ப்பாள்கள் நாதாங்கியில் விழவில்லை. கம்பி இறங்கும் துளைகளை அடைத்து வேறு துளை இடவேண்டியிருந்தது. ஆசாரிக்கு அதற்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுவது நல்லது.