ஆர் தெரியாம ஜீன் டேட்டாவோட மல்லுக்கட்டுறேன்

ஆர்ங்கற (R) புள்ளிவிவர புரோகிராமிங் மொழில கோட் எழுத எனக்கு சுத்தமா வராது, அதனால ரெண்டு வாரமா என்சிபிஐங்கற அமெரிக்க அரசு உயிரித்தகவல் மையத்தோட ஜியோ2ஆர்ங்கற வெப் டூல்லதான் குடியிருக்கேன், ரெண்டு குரூப்புக்கு நடுவுல எந்த ஜீன் கூடக்குறைய வேலை செய்யுதுன்னு அது காட்டும். எந்த சாம்பிள் நோயாளியோடது, எது நார்மல்னு பிரவுசர்லயே குரூப் பிரிச்சு பட்டன தட்டினா போதும், மைக்ரோஅரே (ஆயிரக்கணக்கான ஜீன்கள ஒரே சிப்ல அளக்கற முறை) டேட்டான்னா உள்ள லிம்மாங்கற ஆர் புரோகிராம் ஓடி ஜீன் லிஸ்ட் வந்துடும். மொத தடவ பி-வேல்யூ (நிஜமா எதுவும் மாறாதப்பவே இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.05க்கு கீழ இருக்கறத எல்லாம் அள்ளிட்டுப் போய் பெருமையா காட்டினேன், எங்க கைடு மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, "20,000 ஜீன டெஸ்ட் பண்ணா, எதுவுமே மாறலன்னாலும் குருட்டு அதிர்ஷ்டத்துலயே ஒரு 1,000 வருமேம்மா, இதுல எது நிஜம்?" பேச்சே வரல எனக்கு. பக்கத்துலயே அட்ஜஸ்டட் பி-வேல்யூ, அதாவது இத்தன டெஸ்ட் பண்ணதுக்காக திருத்தின பி-வேல்யூ, இருந்திருக்கு, 1995ல பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் சொன்ன முறை, நான்தான் கண்டுக்கல. அத வச்சு வடிகட்டினா மிஞ்சினது கொஞ்சூண்டு!

அப்புறம் எந்த பாத்வேல (ஜீன்கள் சேர்ந்து செய்யற வேலைத் தொடர்) நிறைய விழுதுன்னு பாக்க அந்த லிஸ்ட்ட டேவிட்ங்கற வெப் டூல்ல போட்டேன். இங்க பேக்கிரவுண்டு, அதாவது ஒப்பிட எடுத்துக்கற மொத்த ஜீன் லிஸ்ட்தான் முக்கியம், நம்ம சிப்ல இருந்த ஜீன்கள மட்டும் குடுக்கணும், இல்லன்னா சம்பந்தமில்லாததெல்லாம் மேல வந்து நிக்கும்.

ஆங், நடுவுல லிஸ்ட்ட எக்செல்ல திறந்துடாதீங்க. செப்ட்2ன்னு பழைய பேர்ல இருக்கற ஜீன செப்டம்பர் 2ன்னு தேதியாக்கிடும், இந்த தொல்லைக்காகவே கடைசில ஜீன் பேரையே செப்டின்2ன்னு மாத்திட்டாங்க, அப்போ எக்செல்ல மாத்த முடியல போல.