பால்காரர் வண்டி

நேற்று ராத்திரி கோலாலம்பூர் செந்தூலில் நல்ல மழை. தூக்கம் வரவில்லை என்று 1974-இல் வந்த 'இட்ஸ் அலைவ்' படத்தைப் போட்டேன். லேரி கோஹன் எடுத்தது. பிறந்த குழந்தையே கொலைகாரன்! ரிக் பேக்கர் செய்த அந்தப் பொம்மையைச் சரியாகக் காட்டவே மாட்டார்கள். சின்ன பட்ஜெட் படத்துக்கு அதுதான் பலம். பால்காரர் வண்டிக்குள் போகிறார். சத்தம். பின்பக்கம் பால் வெள்ளையாக வழிகிறது, அப்புறம் மெல்லச் சிவப்பு கலக்கிறது. இசை வேறு, 'சைக்கோ'வுக்குப் போட்ட பெர்னார்ட் ஹெர்மன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதுக்கா பயப்படுற? எங்க எஸ்டேட்ல தோயோல்னு ஒரு குழந்தைப் பேய் காசு திருட வரும்னு வாசல்ல கோலிக்குண்டு போட்டு வைப்பாங்க. அது விளையாட உட்காந்துடும்."

சரி. காலையில் டீயா என்று கேட்டார். பால் வேண்டாம், 'தே ஓ', அதாவது கறுப்பு டீ போதும் என்றேன்.